பாதிப் படிப்பில் பாதை மாறியோர்

1921-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஈராண்டுப் படிப்பை முடித்திருந்த ஓர் இளைஞர், பட்டம் பெறுவதற்கு முன்பே அங்கிருந்து வெளியேறி, அதே நகரில் இருந்த இசைக்கலைக் கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. யூத மருத்துவர் ஒருவரின் மகனான அந்த இளைஞரின் பெயர் ரிச்சர்ட் ராஜர்ஸ். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்னும் படத்தைப் பார்த்திராத வாசகர்கள் நம்மிடையே குறைவாகவே இருப்பார்கள். சால்ஸ்பர்க் நகரின் நோன்பெர்க் மடத்திலிருந்து புறப்பட்டு, ஏழு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வரும் மரியாவின் கதை அது. 1965-இல் திரைக்கு வந்த அக்கதை, 1959-இல் பிராட்வே அரங்கில் மேடையேறிய ஓர் இசை நாடகமே. அதற்கு இசையமைத்தவர்தான் இந்த ராஜர்ஸ்.

அவர் ஏன் கல்லூரி மாறினார் என்பதைப் புரிந்துகொள்ள, அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளைச் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். கொலம்பியாவில் மாணவர்களே எழுதி, இசையமைத்து, நடித்து ஆண்டுதோறும் ஓர் இசை நாடகத்தை அரங்கேற்றி வந்தார்கள். ராஜர்ஸ் அப்பல்கலைக்கழகத்தை நாடிச் சென்றதே அந்த நாடகத்துக்காகத்தான். 1920-இல், முதலாண்டு மாணவராக இருக்கும்போதே, அவ்வாண்டு நாடகத்துக்கு அவர் இசையமைத்துவிட்டார். பாடல்களை எழுதியவர் லாரன்ஸ் ஹார்ட். நாடகத்தைத் தேர்ந்தெடுத்த குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். அவரும் முன்னர் அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்தான்! பின்னாளில் இவ்விருவரோடும் அடுத்தடுத்துக் கூட்டுச் சேர்ந்தே ராஜர்ஸ் உலகப் புகழ் பெற்றார்.

இத்தனை இருந்தும் கொலம்பியாவில் இல்லாத ஒன்று இருந்தது. இசை நாடகம் அங்கே மாலைப் பொழுதின் விளையாட்டு. வகுப்பறைக்குள் அதற்கு இடமில்லை. மேடைக்கு இசையமைப்பது எப்படி என்று கற்பிக்கும் பாடம் அங்கு மட்டுமல்ல, நாட்டில் வேறெங்கும் அந்நாளில் இல்லை. ஆகவே, இசையின் இலக்கணத்தையாவது முறையாகக் கற்றுக்கொள்வோம் என்று அவர் இடம் மாறினார். 1905-இல் பிராங்க் டாம்ராஷ் நிறுவிய அந்த இசைக்கலைக் கழகமே, பின்னர் 1926-இல் ஜூலியார்ட் என்னும் பெயரோடு இணைந்தது. அங்கே பெர்சி கெட்ஷியஸ் என்ற முதிய ஆசிரியர் ஒத்திசை இலக்கணம் நடத்தினார். ஓர் இசைத் தொடரை எல்லாரும் எதிர்பார்க்கும் இடத்திலேயே கொண்டுபோய் எளிதாக முடித்துவிட்டால், அம்முடிவை அவர் ‘பன்றி’ என்று கேலி செய்வாராம். முடிவு எதிர்பாராததாக இருக்க வேண்டும் என்னும் அந்தப் பாடத்தைத் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை என்று ராஜர்ஸ் பிற்காலத்தில் எழுதினார். கழகத்தின் ஆண்டிறுதி மாணவர் நாடகங்களுக்கும் அவரே இசையமைத்தார். ஆக, பழைய கல்லூரியின் மாலை விளையாட்டைப் புதிய கல்லூரிக்கும் தூக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

1923-இல் அங்கிருந்தும் வெளியேறினார். கையில் பட்டம் இல்லை. அடுத்த ஈராண்டுகள் வாய்ப்புகளும் இல்லை. குழந்தைகளுக்கான உள்ளாடை விற்கும் வேலைக்குப் போய்விடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்ட நிலையில், 1925-இல் ‘காரிக் கெய்டீஸ்’ என்ற மேடை நிகழ்ச்சி அவரைக் காப்பாற்றியது. அவரிடம் பட்டம் எங்கே என்று அரங்கத்தார் எவரும் கேட்கவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று மட்டுமே கேட்டார்கள்.

இன்று அமெரிக்காவில் இசை நாடகம் பயிலும் மாணவர் ஒருவர் அவ்வளவு எளிதாகக் கல்லூரி மாறிவிட முடியாது. இடையில் நடந்தது என்ன?

நடந்ததன் பெரும்பகுதிக்கு ஒரே மனிதரின் பணம் காரணமாக இருந்தது என்பது வியப்புக்குரியது. அவர் எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி. 1905-இல் அவர் ஒரு கோடி டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளை நிறுவினார். நோக்கம் மிக எளியது: முதுமையில் வறுமையில் வாடும் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் அளிப்பது. ஆனால் எந்த நிறுவனம் உண்மையான கல்லூரி, எது பெயருக்கு மட்டும் கல்லூரி என்று எப்படி அறிவது? எனவே அறக்கட்டளை விதிகளை வகுத்தது. சமயச் சபைகளின் ஆளுகைக்கு உட்பட்ட கல்லூரிகளுக்கு ஓய்வூதியம் கிடையாது என்பது ஒரு விதி. கத்தோலிக்கக் கல்லூரிகள் அவ்வாறு விலக்கி வைக்கப்பட்டன. மற்றொரு விதி, கல்லூரியில் சேர வருவோர் உயர்நிலைப் பள்ளியில் இத்தனை மணி நேரம் பயின்றிருக்க வேண்டும் என்று அலகுகளாகக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்பது. 1910-இல் அதே அறக்கட்டளைக்காக மாரிஸ் குக் என்ற பொறியாளர், தொழிற்சாலைகளில் உழைப்பை அளப்பதுபோலக் கல்லூரியில் கற்பித்தலை ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில் கணக்கிடலாம் என்று அறிக்கை தந்தார். நம் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் இன்று வழங்கும் ‘கிரெடிட்’ என்னும் கணக்கின் வேர்கள் இங்கேதான் இருக்கின்றன. முதியோருக்கு ஓய்வூதியம் கொடுக்கப் போய், இளையோரின் படிப்பை அளக்கும் படியைக் கொடுத்துவிட்டார் கார்னகி.

இந்தப் படியால் நன்மையும் உண்டு. அளந்து பார்க்கக்கூடியதைத்தான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கணக்கோடு எடுத்துச் செல்ல முடியும். ஒரு கல்லூரியில் ஈராண்டு படித்தவர் வேறொன்றில் மூன்றாம் ஆண்டில் சேர முடிகிறது என்றால், அது இந்தக் கணக்கினால்தான்.

அதே கார்னகி பிட்ஸ்பர்க் நகரில் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியில்தான் 1914-இல் நாடகத்துறை தொடங்கப்பட்டது. நாடகத்துக்கென்றே பட்டம் வழங்கிய முதல் அமெரிக்கக் கல்லூரி என்ற பெருமை அதற்குரியது. எஃகுத் தொழிலாளரின் பிள்ளைகள் தொழில் கற்க வேண்டும் என்று கட்டிய இடத்தில் நடிப்பும் ஒரு தொழிலாக இடம்பிடித்தது. தொழிற்பட்டறையில் போலவே இங்கும் மாணவர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து, காலை முதல் இரவு வரை கையும் காலும் குரலும் பழகினார்கள். படிப்பை மணி நேரமாக வெட்டி எடுத்துச் செல்லும் ஏற்பாடும், வெட்டிப் பிரிக்க முடியாத இந்தக் கூட்டுப் பயிற்சியும், ஆக, ஒரே பணப்பையிலிருந்து பிறந்தவை. நடுவில் கல்லூரி மாற விரும்பும் மாணவர் இன்றுவரை இவ்விரண்டுக்கும் இடையில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்.

கல்லூரி மாறியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். ஹார்வர்டில் நாடகம் எழுதக் கற்பித்த ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர், யூஜின் ஓநீல் போன்றோருக்கு ஆசிரியர். நாடகத்துக்கு முறையான அரங்கும் பட்டமும் வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் கேட்டும் ஹார்வர்டு செவிசாய்க்கவில்லை. எட்வர்டு ஹார்க்னஸ் என்ற செல்வர் பத்து லட்சம் டாலரை யேல் பல்கலைக்கழகத்துக்கு வழங்க முன்வந்தபோது, பேக்கர் தம் பணியின் இறுதிக் காலத்தில் அங்கே போய்விட்டார். ஆசிரியர் மாறினால் அதைப் பெருமையாகவும், மாணவர் மாறினால் உறுதியின்மையாகவும் பேசுகிற வழக்கம் எங்கும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேக்கர் தேடியதைத்தான் ராஜர்ஸும் தேடினார்.

இங்கே நம் சபையைச் சார்ந்த ஒருவரையும் நினைவுகூர வேண்டும். வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1937-இல் நாடகத்துறையை நிறுவியவர், புனித சாமிநாதர் சபைத் துறவியான அருட்தந்தை கில்பர்ட் ஹார்ட்கி. வெண்ணிற அங்கியோடு ஒத்திகைகளில் அமர்ந்திருந்த இக்குருவானவர் 1974 வரை அத்துறையை நடத்தினார். அவரோடு பணியாற்றிய வால்டர் கெர் என்ற இளம் ஆசிரியர் அங்கு உருவாக்கிய நாட்டுப்புறப் பாடல்களின் இசை நாடகம் 1944-இல் பிராட்வே வரை சென்றது. கெர் பின்னாளில் நியூயார்க்கின் பெயர்பெற்ற நாடக விமர்சகரானார். ஹார்ட்கியின் மாணவர்கள் இலக்கியம், மெய்யியல், சமயம் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே நாடகமும் படித்தார்கள். 1949-இல் அவர் தொடங்கிய நாடகக் குழுவோ, ஷேக்ஸ்பியரையும் பிற செவ்வியல் நாடகங்களையும் ஊர் ஊராக எடுத்துச் சென்றது. கலைக்கல்லூரி மரபில் அமைந்த இத்தகைய படிப்பிலிருந்து ஒரு மாணவர் விலக நேர்ந்தால், அவர் கற்றவற்றில் பெரும்பகுதி வேறெந்தக் கல்லூரியிலும் செல்லுபடியாகும். பிட்ஸ்பர்க் வழியில் பயின்றவருக்கு அந்த வசதி குறைவு. இந்த வேறுபாட்டைப் பதினேழு வயதில் விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகள் அறிவதில்லை, பெற்றோரும் அறிவதில்லை.

தனியே இசை நாடகத்துக்கென்று பட்டம் தோன்றக் காரணம் மேடையே. 1943-இல் ராஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் படைத்த ‘ஓக்லஹோமா!’ 2,212 முறை தொடர்ந்து நடந்தது. அதில் கதாநாயகி கனவு காணும் நடனக் காட்சியில், அவளாகப் பாடி நடித்தவர் ஒருவர், அவளாக ஆடியவர் வேறொருவர். பாடுவோர் ஒரு கூட்டம், ஆடுவோர் இன்னொரு கூட்டம் என்றிருந்த காலம் அது. 1957-இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ வந்தபோது, ஆடுகிறவரே பாடவும், பாடுகிறவரே நடிக்கவும் வேண்டியதாயிற்று. மூன்றையும் ஓர் உடலில் பழக்கித் தரும் பள்ளிகளின் தேவை அப்போது எழுந்தது. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி 1960-களின் இறுதியில் இதற்கென்றே ஒரு நுண்கலைப் பட்டத்தைத் தொடங்கியது. தாங்களே முதல்வர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். 1980-களில் மிச்சிகன் பல்கலைக்கழகம் தொடங்கியது. பிறகு நாடெங்கும் பரவியது.

இந்த நுண்கலைப் பட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தொழிற்பயிற்சி. மீதியே பொதுப் பாடங்கள். பெயர்பெற்ற கல்லூரிகள் ஆண்டுக்கு இருபது பேர் அளவில்தான் எடுத்துக்கொள்கின்றன. ‘ஆடிஷன்’ எனப்படும் நேரடித் தேர்வில் பாடிக் காட்டி, பேசிக் காட்டி, ஆடிக் காட்டித் தேர்ந்தவர்கள் நான்கு ஆண்டுகள் ஒரே வகுப்பாக வளர்கிறார்கள். முதலாண்டில் மூச்சும் நிற்கும் முறையும், அதன்மேல் குரல், அதன்மேல் காட்சி, இறுதியாண்டில் நியூயார்க் முகவர்கள் முன்னிலையில் அரங்கேற்றம். அடுக்கடுக்காகக் கட்டிய கட்டடம் அது. நடுத்தளத்தில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு ஆசிரியர்கள் தயங்குவது இயல்பே.

இனி, அப்படிப்பட்ட கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் தம் குரலைத் தவறான வழியில் இழுக்கிறார் என்று அவள் அஞ்சுகிறாள். அல்லது தந்தைக்கு வேலை போய்விட்டது. கட்டணம் கட்ட இயலவில்லை. வேறு கல்லூரிக்குப் போக வேண்டுமானால் முதலில் ஒலி-ஒளிப்பதிவு ஒன்றை அனுப்ப வேண்டும். பிறகு தை, மாசி மாதங்களில் நேரில் போய், பள்ளியிறுதி மாணவர்களோடு வரிசையில் நின்று மறுபடியும் தேர்வுக்கு உட்பட வேண்டும். அதே வாரங்களில் தன் கல்லூரியின் நாடகத்திலும் அவளுக்கு வேடம் இருக்கும். வெளியே போக நினைப்பதை ஆசிரியரிடம் சொன்னால் அடுத்த நாடகத்தில் வேடம் கிடைக்காதோ என்ற அச்சம். சொல்லாமல் போனால் நன்றி மறந்தவள் என்னும் உறுத்தல். பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது? சக மாணவனிடம்கூட மனம்விட்டுப் பேச முடியாது. ஏனெனில் அவள் போனால் அவனுக்குக் காட்சியில் எதிர்நிற்க ஆளில்லை.

இடம் கிடைத்தாலும் கணக்கு அவளை விடாது. ஆங்கிலம், வரலாறு, உளவியல் ஆகியவற்றில் பெற்ற கிரெடிட்டுகளைப் புதிய கல்லூரி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நடிப்பும் நடனமும் குரற்பயிற்சியும் அப்படியல்ல. நடன வகுப்பில் வாரத்துக்குப் பல மணி நேரம் வியர்வை சிந்தினாலும் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றையும் இரண்டையும்கூட ‘விருப்பப் பாடம்’ என்ற தலைப்பில் ஒதுக்கி வைத்துவிட்டு, பயிற்சியை முதலாண்டிலிருந்தே தொடங்கச் சொல்லும் கல்லூரிகள் பல. அதாவது, தாள்களின்படி அவள் மூன்றாம் ஆண்டு மாணவி. பயிற்சிக் கூடத்தில் முதலாண்டு மாணவி. நான்கு ஆண்டுப் படிப்பு ஆறாகிறது. புதிதாகச் சேர்வோருக்குத் தரும் உதவித்தொகை இடையில் வருவோருக்குக் கிடைப்பதும் அரிது.

இது இசை நாடக மாணவர்களுக்கு மட்டுமே நேரும் இடர் என்று எண்ண வேண்டாம். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்களை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், அவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டுகளை இழந்ததாக 2017-இல் அறிவித்தது. பாதி என்றே வைத்துக்கொள்ளலாம். கடன் வாங்கிப் படிக்கும் நாட்டில், இழந்த கிரெடிட் ஒவ்வொன்றும் இழந்த பணம். அடுக்கடுக்கான பயிற்சியைக் காக்க வேண்டும் என்று கல்லூரிகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வருகின்ற மாணவியின் குரலைக் கேட்டு, நடையைப் பார்த்து, எந்தப் படியில் நிற்கிறாள் என்று கண்டறிய ஒரு பிற்பகல் போதும். கேளாமலே கீழ்ப்படிக்கு அனுப்புவது பயிற்சியின்மேல் உள்ள அக்கறை ஆகாது. அது அலுவலகத்தின் வசதி.

எல்லாரும் மாறித்தான் தீர வேண்டும் என்பதும் இல்லை. ராஜர்ஸ் தேடிச் சென்ற அதே ஜூலியார்டில், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஆட்ரா மெக்டொனால்டு என்ற கறுப்பின மாணவி செவ்வியல் குரலிசை படித்தார். அவர் உள்ளம் விரும்பியதோ பிராட்வே மேடை. பொருந்தாத படிப்பில் சிக்கிய அந்நாட்களில் தாம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றதாக அவரே பின்னர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சிகிச்சை பெற்றார். சிறிது காலம் விலகி ஓர் இசை நாடகக் குழுவில் பணியாற்றினார். பின்பு திரும்பி வந்து, 1993-இல் அதே கல்லூரியில் அதே பட்டத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டே அவருக்கு முதல் டோனி விருது கிடைத்தது. நாடகம் ‘கரவுசல்’, இசை ரிச்சர்ட் ராஜர்ஸ். அவ்விருதை 2014-க்குள் அவர் ஆறு முறை பெற்றுவிட்டார். விலகவும் திரும்பவும் கதவு திறந்திருந்தது என்பதையே இங்கு நான் கவனிக்கிறேன்.

தாமாக மாறாமல், மாற்றப்பட்டவர்களின் கதை ஒன்றும் அண்மையில் நிகழ்ந்தது. பிலடெல்பியாவின் கலைப் பல்கலைக்கழகம் 1870-களில் வேரூன்றிய இரு பள்ளிகளின் வழித்தோன்றல். ஓவியம், இசை, நடனம், நாடகம், இசை நாடகம் எல்லாம் அங்கே ஒரே தெருவில் பயிலலாம். 2024 மே 31, வெள்ளிக்கிழமை மாலை, அப்பல்கலைக்கழகம் ஜூன் 7-ஆம் நாள் மூடப்படும் என்ற செய்தி வெளியாயிற்று. ஒரே வார அவகாசம். பலர் அதைச் செய்தித்தாள் வழியாகவே அறிந்தார்கள். அடுத்த நாளே அதன் தரச்சான்றும் நீக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிப் படிப்போடு நின்றார்கள். புதிதாகச் சேர இருந்தவர்களோ வேறு கல்லூரிகளை முன்னரே மறுத்திருந்தார்கள்.

பிராட் தெருவில் பெருந்தூண்களோடு நிற்கும் ஹாமில்டன் மண்டபத்தின் படிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடினார்கள். 1820-களில் காது கேளாதோர் பள்ளியாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. அதன் படிகளில் நாள்தோறும் பாடினார்கள், ஆடினார்கள், இசைக்கருவிகளை முழக்கினார்கள். முடிவு மாறவில்லை. டெம்பிள், டிரெக்சல் முதலிய அண்டைக் கல்லூரிகள் விதிகளைத் தளர்த்திக் கதவைத் திறந்தன. டெம்பிள் பல்கலைக்கழகம் மட்டுமே நூற்றுக்கணக்கானோரை ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் முடியாது என்று சொல்லப்பட்டவை ஒரே கோடையில் முடிந்தன. டெம்பிளோடு முழுப் பல்கலைக்கழகத்தையும் இணைக்கும் பேச்சு மட்டும் ஆகஸ்டில் முறிந்தது. ஒரே வகுப்பாக வளர்ந்தவர்கள், ஆளுக்கொரு மதிப்பெண் பட்டியலோடு ஆளுக்கொரு திசையில் சென்றார்கள்.

நடனத்துறைக்கு மட்டும் வேறு விதமாக வாய்த்தது. வெர்மான்ட் மாநிலத்தின் மலைகளுக்கிடையே, ஏறத்தாழ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த பென்னிங்டன் கல்லூரி, கிரெடிட்டுகளை எண்ணிக்கொண்டிருக்காமல், ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்தே வரச் சொன்னது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், பிலடெல்பியாவில் பாதியில் நின்ற நடனப் பாடம் அதே ஆசிரியர்களோடு அங்கே தொடர்ந்தது.